ஒரு முட்டை, ஒரு குட்டி

குழந்தைகளே! அடைக்கு உட்காரும் நாட்டுக்கோழி எத்தனை முட்டை இடும்? பத்து, பன்னிரண்டு இருக்கும். மத்தி மீனோ ஆயிரக்கணக்கில் இடும். ஒன்றே ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் இருவரை இன்று பார்ப்போமா? ஒருவர் இருப்பது தரையில், மற்றவர் ஆழ்கடலில்.

தரைக்காரரின் பெயர் கானமயில். (மூதுரையில் நீங்கள் படித்தது வேறு, அது காட்டு மயில்!) ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கத் தெரியும். ஆனாலும் மேய்வது, முட்டையிடுவது எல்லாம் புல்வெளியில்தான். கூடும் கட்டாது. வெறும் தரையில் ஒரு முட்டை, அவ்வளவுதான்.

ஆழ்கடல்காரர் கல்பர் சுறா. பல நூறு மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. இருட்டில் பார்க்கப் பெரிய பச்சைக் கண்கள் உண்டு. இது முட்டையை வெளியே விடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, சுமார் 2 ஆண்டு கழித்துக் குட்டியாக ஈனும். யானையே 22 மாதம்தானே சுமக்கிறது! பெரும்பாலும் ஒரு குட்டி, சில வகைகளில் இரண்டு.

இப்படி மெதுவாகப் பெருகும் உயிர்களில், பெரியது ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் ஆகும். கானமயிலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், எதிரே உள்ள மின்கம்பி சரியாகத் தெரியாது. உடல் கனம், சட்டென்று திரும்பவும் முடியாது. மோதி இறக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை இது. இன்று காட்டில் இருப்பவை 150க்கும் குறைவு என்கிறார்கள். அவற்றில் மிகுதியும் ராஜஸ்தானில்.

சுறாவுக்கு எமன் அதன் ஈரல்தான். நீரில் மிதக்க உதவும் ஈரல் எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருள் உண்டு. முகப்பூச்சு கிரீம்களுக்காக அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். (ஆலிவ் எண்ணெயிலிருந்தும் அதை எடுக்கலாம். பிறகு ஏன் சுறா?) ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு அப்பால் 1976-77ல் ஆய்வுக் கப்பல் வலை வீசியது. 20 ஆண்டு கழித்து அதே இடங்களில் வீசியபோது, இந்தச் சுறாக்கள் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன!

கானமயிலுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஜெய்சல்மேர் பகுதியில் 2019 முதல் முட்டைகளை எடுத்துவந்து, கருவியில் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். சுறாவுக்கு அப்படி ஒரு பண்ணை வைக்க முடியுமா? அந்தக் குளிரையும் இருட்டையும் ஆழத்தையும் எங்கே கட்டுவது? அதனால் ஆஸ்திரேலியாவில், அவை வாழும் சில கடற்பகுதிகளில் மீன்பிடிப்பையே தடுத்துவிட்டார்கள்.