சால்ட் லேக் விளையாட்டரங்கம்

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் அந்நகரின் கால்பந்து மோகத்தை நன்கறிவர். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் ரசிகர் 16 பேர் மாண்டனர்.

1984-இல் சால்ட் லேக்கில் பேரரங்கம் ஒன்று திறக்கப்பெற்றது. 1997-இல் அதே இரு அணிகளின் ஆட்டத்தைக் காண அங்கே 1,31,000-க்கும் மேற்பட்டோர் குழுமினர்.

17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை முன்னிட்டு அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. செயற்கைத் தரை நீங்கி இயற்கைப் புல் படர்ந்தது. சிமெண்டுப் படிகளின்மேல் தனித்தனி இருக்கைகள் அமைந்தன. இடமும் வெகுவாகக் குறைந்தது. 2017 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என வென்ற இறுதியாட்டத்தைக் கண்டோர் 66,684 பேரே.

கூட்டம் சுருங்கியதே எனச் சிலர் வருந்தலாம். ஆயினும், ஆட்டம் காணச் சென்றவர் அனைவரும் நலமே வீடு திரும்புவதன்றோ அரங்கிற்குப் பெருமை!