ஏரி நடுவில் நின்றுபோன எஞ்சின்

போன கோடையில் என் மருமகள் கேட்ட ஒரு கேள்வியை இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அவளுக்கு எட்டு வயதுதான். கேள்வியோ பெரியவர்களையும் யோசிக்க வைக்கும்.

மொன்றியல் தீவில் டோர்வல் என்று ஓர் ஊர் இருக்கிறது. விமான நிலையம் உள்ள ஊர் என்றால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஊரிலிருந்து வரும் அம்மம்மாவைக் கூட்டிவர அங்கே போயிருப்பீர்கள். அந்த ஊரின் தெற்குக் கரையில் சென் லூயி ஏரி விரிந்து கிடக்கிறது. செயின்ட் லோரன்ஸ் ஆறுதான் அங்கே அகன்று ஏரியாகிறது. ஒட்டாவா ஆற்றின் தண்ணீரும் அதில் வந்து கலக்கிறது. 1888இல் தொடங்கிய பாய்மரப் படகுச் சங்கம் ஒன்று இன்றும் இந்தக் கரையில் இருக்கிறது.

நாங்கள் போனது பாய்மரப் படகில் இல்லை. நண்பர் ஒருவரின் சின்ன அலுமினியப் படகு அது. பின்னால் ஓர் எஞ்சின். காலடியில் சிவப்பு நிறப் பெற்றோல் தாங்கி. இரண்டையும் இணைக்கும் ஒரு குழாய். குழாயின் நடுவில் முட்டை வடிவில் ஒரு றப்பர் குமிழ். புறப்படும் முன் அதைக் கையால் அமுக்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு ஏறும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு எஞ்சினின் குரல் இறங்கியது. கொஞ்சம் இருமியது. நின்றுவிட்டது.

மருமகள் தாங்கியை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தளக் தளக் என்று சத்தம் கேட்டது. "மாமா, பெற்றோல் நிறைய இருக்குத்தானே? பிறகு ஏன் நிண்டது?" என்று கேட்டாள்.

எவ்வளவு அருமையான கேள்வி, பார்த்தீர்களா! பயந்து அழாமல், ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாளே, அதுதான் அறிவியல்.

பதில் தேடும் முன் நண்பர் நங்கூரத்தை இறக்கினார். அது மிகவும் முக்கியம். இந்த ஏரி குளம் போல ஓரிடத்தில் நிற்பதில்லை. தண்ணீர் கிழக்கு நோக்கி மெல்ல நகர்ந்து, கடைசியில் லஷீன் என்ற இடத்தில் பாறைகளுக்கிடையே சீறிப் பாய்கிறது. எஞ்சின் நின்ற படகைத் தண்ணீர் தன் போக்கில் இழுத்துப்போக விடக் கூடாது. உயிர்காப்பு அங்கியை எல்லோரும் முன்பே போட்டிருந்தோம்.

இப்போது துப்பறியலாமா?

பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்த மணியைக் கையால் இறுகப் பிடித்தால் ஓசை டக்கென்று நிற்கும். பிடிக்காமல் விட்டால் மெல்ல மெல்லத் தேயும். எஞ்சினும் இந்த இரண்டு விதமாக நிற்கும். டக்கென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கும். படகோட்டியின் உடையோடு இணைத்திருக்கும் சிவப்புக் கயிறு கழன்றாலும் அப்படித்தான் நிற்கும். அவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் ஓடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கயிறு. நூல் அறுந்த பட்டம் போல ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

எங்கள் எஞ்சின் தேய்ந்து தேய்ந்து நின்றது. அப்படியென்றால் அதற்குப் பசி. பெற்றோல் போய்ச் சேரவில்லை.

றப்பர் குமிழைப் பார்த்தோம். காய்ந்த பேரீச்சம்பழம் போல ஒட்டிப்போயிருந்தது. நண்பர் புரிந்துகொண்டார். தாங்கி மூடியின் மேலிருந்த சின்னத் திருகைத் திறந்தார். ஸ்ஸ்ஸ்! காற்று உள்ளே ஓடியது. குமிழ் மெல்ல உப்பியது. நாலைந்து தரம் அமுக்கி, எஞ்சினை இழுத்ததும் ஓடத் தொடங்கியது.

இங்கே கொஞ்சம் நிற்போம். பெற்றோல் வருவதற்குக் காற்று எதற்கு?

வீட்டில் அம்மா ரின்பால் திறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு துளை போட்டால் பால் விக்கி விக்கி வரும், பிறகு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால் அழகாக ஊற்றும். அந்த இரண்டாவது துளை காற்றுக்கு. பால் வெளியே போன இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும்.

தாங்கியின் திருகுதான் அந்த இரண்டாவது துளை. காரில் கொண்டுவரும்போது பெற்றோல் ஆவி கசியாமல் இருக்க அதை மூடியிருந்தோம். ஏரியில் திறக்க மறந்துவிட்டோம். எஞ்சின் பெற்றோலை எடுக்க எடுக்க, உள்ளே இருந்த காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே போனது. பத்து நிமிடத்தில் தள்ளுவதற்குப் பலமில்லை.

தள்ளுவதா? ஆமாம். நாம் உறிஞ்சுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் வெளிக்காற்றுத்தான் தள்ளுகிறது. உங்கள் சுண்டுவிரல் நகமளவு இடத்தின் மேல், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றரில், ஏறக்குறைய 1 கிலோ எடை வைத்ததுபோலக் காற்று அழுத்துகிறது. குழாயால் இளநீர் குடிக்கும்போது நீங்கள் வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறீர்கள். மிச்ச வேலையைக் காற்று செய்கிறது. அதனால்தான் மேலே இருந்து உறிஞ்சும் பம்பு, எவ்வளவு பெரியதானாலும், கிணற்றுத் தண்ணீரைச் சுமார் 10 மீற்றருக்கு மேல் தூக்காது. காற்றுக்கு அவ்வளவுதான் தள்ள முடியும். இதன் காரணத்தை 1640களில் விளக்கியவர் இத்தாலியின் டொரிசெல்லி.

புரிந்ததா? புரியாவிட்டால் ரின்பால் கதையை மறுபடி ஒருமுறை படியுங்கள். அவசரமே இல்லை.

எல்லாத் தாங்கியிலும் இந்தத் திருகு இருக்காது. புதியவை சிலவற்றில் காற்றை உள்ளே விடும் அமைப்பு தானாகவே இயங்கும். அப்படியும் எஞ்சின் தேய்ந்து நின்றால், வேறு ஒரு திருடனைத் தேடவேண்டும். அவன் பெயர் தண்ணீர்.

குளிர்ந்த மாம்பழச் சாறு ஊற்றிய குவளையின் வெளியே முத்து முத்தாக வியர்க்குமே, அதுபோல அரைகுறையாக நிரம்பிய தாங்கியின் உட்சுவரிலும் வியர்க்கும். கனடாவின் நீண்ட குளிர்காலத்தில் படகு கொட்டகையில் உறங்கும்போது இது நடக்கலாம். தண்ணீர் பெற்றோலை விடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதானே எடுக்கிறது! தண்ணீரைக் குடித்த எஞ்சின் எப்படி எரியும்? அதற்காகத்தான் வழியில் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். வசந்தம் வந்ததும் அதைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடும் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து நூல்போலத் தண்ணீர் பீச்சும். எஞ்சினைக் குளிர வைத்துவிட்டு வெளியே வரும் தண்ணீர் அது. ஏரிப்பாசி அடைத்தால் அது நின்றுவிடும். நீங்கள் முதலில் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். பெற்றோலைத் தொடுவது பெரியவர்கள் வேலை. கண்ணும் காதும் உங்கள் வேலை.

இப்போது ஒரு சோதனை. ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் அடிப்பக்கத்தில் அப்பாவைக் கொண்டு ஊசியால் ஒரு சின்னத் துளை போடச் சொல்லுங்கள். துளையை விரலால் மூடியபடி தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். விரலை எடுங்கள். பிறகு மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் எனக்கு எழுதி அனுப்புங்கள்.