ஹைஸ்மன் கோப்பை: இறுதி ஆட்டத்துக்கு முன்பா, பின்பா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை டிசம்பரிலேயே அறிவித்துவிடுகிறார்கள். சாம்பியன் யார் என்பது தெரிவதோ ஜனவரியில். கடைசிப் பரீட்சைக்கு முன்னாடியே ரேங்க் போட்ட மாதிரி.

2005 டிசம்பரில் யுஎஸ்சி அணியின் ரெஜி புஷ் ஜெயித்தார். டெக்சாஸின் வின்ஸ் யங் இரண்டாம் இடம். 2006 ஜனவரி 4 அன்று, ரோஸ் பவுல் இறுதி ஆட்டத்தில் இருவரும் நேருக்கு நேர். யங் எறிந்தது 267 யார்டு, ஓடியது 200 யார்டு. 19 விநாடி மிச்சமிருக்கும்போது அவரே ஓடிப்போய் ஸ்கோர் செய்தார். டெக்சாஸ் 41, யுஎஸ்சி 38. "கொஞ்சம் பொறுத்து ஓட்டு போட்டிருக்கலாமே" என்று தோணும். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

2024 என் எண்ணத்தை மாற்றியது. கோப்பையை வென்ற டிராவிஸ் ஹண்டரின் கொலராடோ அணி, 12 அணிகள் ஆடும் பிளேஆஃபுக்கே போகவில்லை. இரண்டாம் இடம் வந்த ஆஷ்டன் ஜென்டியின் பாய்ஸி ஸ்டேட் போனது. காலிறுதியில் பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றது. காத்திருந்தால் ஒருத்தருக்கு மட்டும் கூடுதல் பரீட்சை. அதில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒப்பீடு கோணல்தான். போதாததுக்கு, மனசில் கடைசியாகப் பார்த்த ஆட்டம்தான் நிற்கும். முந்தைய மூணு மாச உழைப்பு மங்கிவிடும்.

இறுதி ஆட்டத்துக்குத் தனியாக ஆட்ட நாயகன் விருது இருக்கிறது. யங்குக்கு அன்று அது கிடைத்தது. அதனால் டிசம்பரே சரி. "இது சீசனுக்கான விருது" என்பதை மட்டும் உரக்கச் சொல்லட்டும்.