பான் அட்டை நகலுக்கும் காவல் வேண்டும்

"எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர் நஞ்சை. விளைச்சல் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. பிறகு என் பான் எண் யாரிடம் இருந்தால் என்ன?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. வரி இல்லை என்பது சரி. ஆனால் கவலையும் இல்லை என்பது தவறு.

பான் எண் ஒருவரது பண வரவு செலவுகளை ஒரே கணக்கில் சேர்க்கும் எண். பயிர்க் கடன், டிராக்டர் கடன், நிலக் கிரயம் என்று பல வேலைகளுக்கு இதன் நகலையும் ஆதார் நகலையும் கொடுக்கிறோம். இவை மோசடிக்காரர் கையில் சிக்கினால், நம் பெயரில் ஒரு வியாபாரத்தை ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்து, பல லட்ச ரூபாய்க்குப் பொய் விற்பனை காட்டிவிடுவார்கள். வரி கேட்டு நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும். களையைப் போல இதையும் முளையிலேயே கிள்ள வேண்டும். அதற்கான வழிகள்:

1. நகல் கொடுக்கும்போது அதன் மேல் குறுக்காக, எந்த வேலைக்கு, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆதாரில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலும் கிடைக்கிறது. அது போதுமான இடங்களில் அதையே கொடுக்கலாம்.

2. மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லும் அறிமுகமில்லாதவரிடம் அட்டைகளையோ நகல்களையோ ஒப்படைக்கக் கூடாது.

3. வருமான வரிக் கணக்கைப் பிறர் மூலம் தாக்கல் செய்தாலும், அதில் பதியும் கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை, "ரீஃபண்ட் வந்திருக்கிறது" என்று பேசுவோரிடம் சொல்லவே கூடாது.

4. வருமான வரித்துறை இணையத்தளத்தில் 2021 முதல் ஆண்டுத் தகவல் அறிக்கை கிடைக்கிறது. வட்டி, சொத்துக் கிரயம், பிடித்த வரி ஆகியவை அதில் இருக்கும். படித்த பிள்ளைகளின் உதவியோடு வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. நமக்குச் சம்பந்தமில்லாத தொகை இருந்தால், அது நம்முடையதல்ல என்று அங்கேயே மறுப்புப் பதியலாம்.

5. ஜி.எஸ்.டி. இணையத்தளத்தில் பான் எண்ணைக் கொடுத்தால், அதன் பேரில் உள்ள பதிவுகள் தெரியும்.

மோசடி தெரிய வந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது பெற வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். நோட்டீஸ் வந்தால் பரணில் போட்டுவிடக் கூடாது. குறித்த தேதிக்குள், புகார் நகலை இணைத்துப் பதில் அனுப்ப வேண்டும். 

நிலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நாம், பான் அட்டையையும் அதன் பக்கத்திலேயே வைப்போம்.