அடிச்சட்டத்துக்குள் பிடிக்கும் கறள்

ஈழத்தில் கறள் என்றும் தமிழகத்தில் துரு என்றும் வழங்கும் செம்பழுப்புப் படிவு, இரும்பு நீரோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் சேர்வதால் உண்டாகும் நீரேறிய இரும்பு ஒட்சைட்டு என்பதைப் பாடசாலை விஞ்ஞானப் புத்தகமே சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரு ஜீப்பின் அல்லது டபுள் கப்பின் அடியில் அது எங்கே தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்பது வாகனத்தின் கீழே படுத்துப் பார்ப்பவர்களுக்குங்கூட எளிதில் புலப்படுவதில்லை. வயல் வரம்பிலும் கிறவல் பாதையிலும் கடற்கரை மணலிலும் ஓடவேண்டியுள்ள வன்னி வாகனங்களில், கேடான கறள் பெரும்பாலும் செசி எனப்படும் அடிச்சட்டத்தின் உட்குழிவிலேயே பிறக்கிறது. வெளியே பூசும் கறுப்புப் பெயின்ற் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது உள்ளே தேங்கிய உப்பைத் தொடுவதில்லை.

காட்டுப்பாதை வாகனங்களின் செசி ஏணியைப் போன்றது: முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களை, ஏணிப் படிகளைப் போன்ற குறுக்குச் சட்டங்கள் இணைத்து நிற்கின்றன. லொறிகளில் இச்சட்டங்கள் ஒருபக்கம் திறந்திருப்பதால் உள்ளே போன சேறு உதிர்ந்துவிடும். பழைய லான்ட் ரோவர்களிலும் இன்றைய டபுள் கப்புகள் பலவற்றிலும் அவை நான்கு பக்கமும் மூடிய பெட்டிகள். பாரம் குறைவாகவும் முறுக்குக்கு ஈடுகொடுக்கும் வலிமை கூடுதலாகவும் இருப்பதற்காக அப்படி அமைக்கப்பட்டவை. அப்பெட்டிகளின் பக்கங்களிலுள்ள துளைகளின் வழியாக உள்ளே புகும் சேற்றுநீர், அடித்துளைகள் அடைபட்டிருந்தால் வெளியேற வழியின்றித் தங்கிவிட, ஈரச்சேறு இரும்பின்மீது ஒத்தணம்போல் ஒட்டிக்கொண்டு, வெளிப்புறம் வெயிலில் காய்ந்து நெடுநாளான பின்னரும் உள்ளே நனைவைக் காத்துவைக்கிறது.

வவுனியாவின் உள்நிலப் பகுதிகளில் இச்சேறு நன்னீரில் குழைந்த சேறு. அதனால் வரும் கறள் மெதுவானது. கிளிநொச்சியின் வடக்கிலும் முல்லைத்தீவின் கரையோரத்திலும் நிலைமை வேறு. ஆனையிறவின் உப்பளத்தைச் சூழ்ந்த வெளிகள், சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புக் கரைகள் யாவும் உப்பேறியவை. கோடையில் நீர் வற்றியபின் அங்கே எழும் புழுதிகூட உவர்ப்புடையது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் நந்திக்கடல் கடலோடு சேருமிடத்திலுள்ள தாழ்ந்த வட்டுவாகல் பாலத்தை மாரிகாலத்தில் நீர் மேவிப் பாயும்போது கடக்கும் வாகனம், சில்லு முதல் செசி வரை உவர்நீரில் தோய்ந்தே மறுகரை ஏறுகிறது. வாகனங்களுள் மிகக் கூடுதலான தாக்கத்துக்கு உள்ளாகுபவை, முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கவும் படகுகளை ஏற்றி இறக்கவும் பயன்படும் உழவு இயந்திரங்களே. கரைவலையை இயந்திரத்தால் இழுக்கலாமா என்பது மீனவரிடையே நீண்டகாலமாகத் தீராத பிணக்கு. அது எவ்வாறு தீர்ந்தாலும், அலை நுரைக்குள் பின்சில்லு புதைய நிற்கும் அந்த இரும்பின் நிலை பரிதாபத்துக்குரியது.

உப்பு ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதற்கு மாரிகாலத்தில் அடுப்படியில் கசியும் உப்புப் போத்தல் நல்ல விளக்கம். காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து நனையும் இயல்புடைய கடலுப்பு, மழையே பெய்யாத நாளிலும் இரும்பின்மீது மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. அப்படலம் மின்னை எளிதாகக் கடத்துவதால், ஓரிடத்தில் இரும்பு கரைவதும் மற்றோரிடத்தில் ஒட்சிசன் தாக்கமடைவதும் தடையின்றி நிகழ்கின்றன. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஒருமுறை செசிக்குள் புகுந்து காய்ந்த கடல்நீர் தன் உப்பை விட்டுச்செல்ல, அடுத்தமுறை புகும் நீரின் உப்பு அதன்மேல் சேர்கிறது. வளிமண்டலத்தின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேச நியமத்தின்படி, கடுமையான கரையோரச் சூழலில் பூச்சில்லாத சாதாரண உருக்கு முதலாம் ஆண்டிலேயே ஒரு பரப்பில் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை தேயலாம். மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. சிறிதாகத் தோன்றும் இந்த அளவு, சில மில்லிமீற்றர் மட்டுமே தடிப்புள்ள தகட்டை உள்ளும் புறமுமாக இருபக்கமும் அரிக்கும்போது சிறிதன்று. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு கனவளவு கொள்வதால், இரண்டு தகடுகள் ஒட்டப்பட்ட இடுக்குகளில் அது வீங்கித் தகடுகளைப் பிளந்துவிடுவதும் உண்டு.

உப்புக்கரையில் கைவிடப்படும் வாகனத்துக்கு என்ன நேரும் என்பதை வன்னி மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்த 2009 மே மாதத்தின் பின்னர் முள்ளிவாய்க்கால் பகுதியில் பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களுமாகக் குவிந்து கிடந்தவை, ஆண்டுக்கணக்கில் செந்நிறத் தகடுகளாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவை வெறும் இரும்பாக இருந்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் தன் உடைமைகளை ஏற்றிக்கொண்டு ஓடிய இறுதி வண்டி.

அதற்கு முன்னர், 1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் உதிரிப்பாகங்களும் கிடைக்காத வன்னியில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய கராஜ் தொழிலாளர், கழித்த எஞ்சின் ஒயிலைச் செசியில் பூசிக் கறளைத் தடுத்தார்கள். வேறு எதுவும் கிடைக்காதபோது கண்ட வழி என்ற அளவில் அது பாராட்டத்தக்கது. இன்று அதைத் தொடர்வதற்கு நியாயமில்லை. பழைய ஒயிலில் எரிவின்போது சேர்ந்த அமிலங்களும் உடலுக்குத் தீங்கான கரிமச் சேர்வைகளும் இருக்கின்றன; அது றப்பர் புஷ்களை ஊதவைத்து இளக்குகிறது; வெள்ளத்தில் கழுவுண்டு குளத்துக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்கிறது. புழுதி நிறைந்த பாதையில் ஓடும் வாகனத்திலோ அது மண்ணை இழுத்து ஒட்டவைத்து, தடுக்கவேண்டிய ஈரத்துக்கே படுக்கை விரிக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், பழைய வாகனத்தை மேலும் பல ஆண்டுகள் ஓட்டுவது இலங்கையில் பலருக்கும் கட்டாயமாகிவிட்டது. புதிய வாகனத்தை வாங்கிவிட்டால் இக்கவலை தீரும் என்பதும் உறுதியன்று. ஐக்கிய அமெரிக்காவில், பூச்சுப் போதாமையால் செசி கறள் பிடித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், சுமார் 15 இலட்சம் பிக்கப்புகளுக்கும் ஜீப் வகை வாகனங்களுக்கும் பரிகாரம் வழங்க டொயோட்டா நிறுவனம் 2016இல் இணங்கியது; அதன் பெறுமதி 340 கோடி டொலர் வரை போகலாம் என மதிப்பிடப்பட்டது. அங்கே உப்பின் ஊற்று, பனியை உருக்க வீதியில் தூவப்படுவது. முல்லைத்தீவில் அது கடல்.

தடுப்பின் முதற்படி நன்னீர். களப்பையோ கடற்கரையையோ தொட்டுவந்த வாகனத்தை அன்றே கழுவவேண்டும். கழுவும்போது குழாயை வெளிப்புறத்தில் பிடிப்பதோடு நில்லாமல், செசியின் துளைகளுக்குள் நுழைத்து, அடித்துளைகளின் வழியாக வரும் நீர் தெளியும்வரை ஓடவிடவேண்டும். அடைபட்ட துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தபின் முதலில் கொட்டும் கரிய குழம்பில் மணலும் வைக்கோல் துணுக்கும் கறட் செதிலும் கலந்து வருவதைக் காணும் உரிமையாளருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. கரையோரச் சேவிஸ் நிலையங்கள் சிலவற்றின் கிணறுகளில் ஊறுவது சவர்த் தண்ணீர் என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும்; நாவில் கரிக்கும் நீரால் செசியைக் கழுவுவது உப்பின்மேல் உப்பு வைப்பதாகும். 2018 டிசம்பரில் இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுத் தாழ்நிலங்கள் மூழ்கியதைப் போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனத்துக்கும் இதே கழுவல் உரியது, அந்நீர் உவராதபோதிலும்.

ஏற்கெனவே பிடித்த கறளுக்கு மருத்துவம் செய்ய ஏற்ற காலம், கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்துகிடக்கும் ஆவணி, புரட்டாசி மாதங்கள். முதலில் சிறு சுத்தியலால் செசியை நெடுகத் தட்டிச் செல்லவேண்டும்: நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும், மெலிந்த இடம் மந்தமாக ஒலிக்கும், செத்த இடத்தில் சுத்தியல் உள்ளே போய்விடும். உதிரும் செதில்களைச் சுரண்டிக் கம்பித் தூரிகையால் தேய்த்தபின், மீண்டும் நன்னீரால் கழுவிக் காயவிடுவது அவசியம். இரும்பின் குழிகளில் உப்பு எஞ்சியிருந்தால் எந்தப் பூச்சும் சில மாதங்களில் கொப்புளித்துவிடும். அதன்பின், இறுகப்பற்றி நிற்கும் மெல்லிய கறளின்மேல் கறள்மாற்றி என்ற திரவம் பூசப்படுகிறது. வாழைக்காய் வெட்டிய இரும்புக் கத்தி கறுத்துப்போவது காயிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால். தனிக் அமிலம் கொண்ட கறள்மாற்றியும் அதே தாக்கத்தால் செங்கறளைக் கரிய, உறுதியான படலமாக மாற்றுகிறது. பொஸ்போரிக் அமிலம் கொண்டவை இரும்புப் பொஸ்பேற்றை உண்டாக்குகின்றன. செதில்செதிலாகத் தடித்த கறளில் இவை உள்ளிறங்காது. அதைச் சுரண்டியே ஆகவேண்டும்.

கழற்றக்கூடிய சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் அமிழ்த்தி, பற்றரி சார்ஜரின் எதிர்முனையோடு இணைத்து மின்னால் கறள் நீக்குவதும் நல்ல முறை. சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பைக் கரைப்பவர்கள் தம்மையறியாமல் குளோரின் என்ற நச்சுவாயுவை ஆக்குகிறார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் குளோரின் ஆக்கியதும் உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தித்தான்.

அடிப்பூச்சுகளுள் துத்தநாகம் மிகுந்தது சிறந்தது, ஏனெனில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முந்திக் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஆனால் அது வெற்றிரும்பைத் தொட்டால் மட்டுமே இப்பயன் கிடைக்கும். கறளின்மேலே நேராக றெட் ஒக்சைட் அடித்துவிட்டுத் திருப்திகொள்ளும் வழக்கம் காசை வீணாக்குவதே. தார்போன்ற தடித்த அடிப்பூச்சு அதைவிட ஆபத்தானது. அது வெடித்த இடத்தால் நீர் உள்ளே புகுந்து, வெளியே பளபளப்பும் உள்ளே அழுகலுமாக விட்டுவிடுகிறது. செசியின் உட்குழிவுக்கு மெழுகுக் கரைசலோ, செம்மறி உரோமத்திலிருந்து எடுக்கப்படும் லனோலினோ, நீண்ட மெல்லிய குழாய் வழியே தெளிக்கப்படவேண்டும். காய்ந்து இறுகாத இப்பொருள்கள் இடுக்குகளுக்குள் ஊர்ந்து பரவுகின்றன. மாரிக்கு முன் ஆண்டுதோறும் புதுப்பித்தால் போதும்.

சுத்தியல் உள்ளே போன இடத்துக்குப் பூச்சு மருந்தாகாது. அங்கே நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். ஓட்டைமேல் தகட்டை ஒட்டி மூடினால் கறள் இரண்டு தகடுகளுக்கிடையில் சிறைப்பட்டு முன்னிலும் விரைவாகத் தின்னும். வேலை தொடங்குமுன் பற்றரி இணைப்பைக் கழற்றி, எரிபொருள் தாங்கியையும் செசியோடு ஓடும் பிறேக் குழாய்களையும் அகற்றுவது உயிர்காக்கும் ஒழுங்கு. அப்போதே அக்குழாய்களையும் சோதிக்கவேண்டும். கறள் தின்ற பிறேக் குழாய், பெடலை முழுப்பலத்தோடு மிதிக்கும் அவசர வேளையில்தான் வெடிக்கும்.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. செசியில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கமே. கிறைண்டர் அதை அழித்தாலும் கறள் அதைத் தின்றாலும், வாகனத்தை விற்கும் நாளில் அதன் அடையாளத்தை நிறுவுவது பெரும்பாடாகும். அவ்விடத்தை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துத் தடித்த பெயின்ற் எதுவும் பூசாமல், எழுத்துத் தெரியுமாறு மெல்லியதாகக் கிறீஸ் தடவி, வாகனம் கழுவும் ஒவ்வொரு முறையும் பார்த்துவருவது நல்லது.