முதுமைக்கு முதல் சேர்த்தல்

உத்திரமேரூர் வட்டாரத்து ஊராட்சிகளுக்கு நாம் செல்லும்போதெல்லாம் ஒரு குறை தவறாமல் நம் காதில் விழுகிறது. "இன்னாருக்கு வயது எழுபதாகிறது, பிள்ளைகளும் இல்லை. முதியோர் பென்ஷன் கொடுக்கும்படி மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினோம், இன்னும் வரவில்லையே" என்பதுதான் அது. குறை நியாயமானது. ஆனால் தீர்மானம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. பென்ஷன் என்ற ஒரே சொல்லுக்குள் இருவகைப் பணம் அடங்கியிருப்பதை அறிந்துகொண்டால், எதனை எங்கே கேட்பது என்பது விளங்கிவிடும்.

முதல் வகை, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அரசு ஒதுக்கிக் கொடுப்பது. இதற்கென்று சேர்த்து வைத்த முதல் ஏதும் கிடையாது. அந்தந்த ஆண்டின் வரிப்பணமே அந்தந்த ஆண்டின் முதியோருக்குப் போகிறது. நம் மாநிலத்தில் ஆதரவற்ற முதியோர் ஓய்வூதியம் 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. 1995-இல் மத்திய அரசும் தேசிய அளவில் ஒரு திட்டத்தை ஏற்படுத்தித் தன் பங்கைத் தர முன்வந்தது. 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் தமிழக அரசு தொகையை உயர்த்தியது. அந்த 1,200 ரூபாயில், 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். எஞ்சியதை மாநிலமே ஏற்றது.

இப்பணம் ஊராட்சியின் பெட்டிக்கு வருவதும் இல்லை, அங்கிருந்து போவதும் இல்லை. விண்ணப்பத்தைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்கின்றனர்; வட்டத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திற்கென உள்ள தனி வட்டாட்சியர் ஆணை வழங்குகிறார். எனவே மன்றத்தின் தீர்மானம் ஒரு பரிந்துரையே தவிர ஆணை ஆகாது. அதனால் உறுப்பினருக்கு வேலை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வயதுச் சான்று இல்லாத மூதாட்டிக்கு அதனைப் பெற்றுத் தருவதும், மனு எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிப்பதும் அவரால் இயலும். முன்பு அஞ்சல்காரர் பணவிடையாக வீட்டு வாசலில் கொடுத்த தொகை பின்னர் வங்கி வழியாக வரலாயிற்று. அறுபது ஆண்டுகள் நாற்று நட்டுக் களை பறித்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கும். விரல்பதிவு இயந்திரம் அதை ஏற்க மறுக்கும். கணக்கில் பணம் இருந்தும் கையில் பணம் வராத முதியோர் யார் யார் என்பது, அலுவலகத்தில் இருப்பவரைக் காட்டிலும் அந்தத் தெருவில் குடியிருக்கும் உறுப்பினருக்கே முதலில் தெரியும். இறந்தவர் பெயர் பட்டியலில் நீடிக்கிறதா என்பதும் அவ்வாறே.

இரண்டாவது வகை, முதல் சேர்த்து வைத்து அதன் பெருக்கத்திலிருந்து கொடுப்பது. நிதி என்ற சொல் இதற்கே பொருந்தும். இதன் தத்துவம் நம்மவர்க்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் 96 ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் அளவு தவறாமல் நெய் அளக்க வேண்டும். கிழடாகி இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பும்; தொகை குறையாது. ஆதலால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆட்டை விற்றுத் தின்றால் விளக்கு அணையும். ஓய்வூதிய நிதியின் இலக்கணமும் இவ்வளவே.

ஊராட்சி ஒன்றியங்களின் பணியாளர் விஷயத்தில் இது எவ்வாறு நடந்தது என்பதைப் பார்ப்போம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடிக்கப்படும். அதற்குச் சமமான தொகை வேலையளிப்போர் தரப்பிலும் சேரும். திட்டத்தின் விதிகள் பற்றிப் பிற்காலத்தில் பல கோரிக்கைகள் எழுந்தன. அவ்விவாதம் இங்கு வேண்டாம். எந்த விதியாயினும், பிடித்த பணம் உரிய மாதத்தில், உரியவர் எண்ணில் வரவாக வேண்டும் என்பது மாறாது.

ஓர் எழுத்தருக்கு மாதம் 2,000 ரூபாய் பிடிக்கப்படுகிறது என்று கொள்வோம். இணைப் பங்கும் சேர்ந்து ஆண்டுக்கு 48,000 ரூபாய். பட்டியலில் ஓர் இலக்கம் பிறழ்ந்து, ஓராண்டு வரவு அவர் கணக்கில் ஏறாமலே போய்விட்டால், 7 விழுக்காடு கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 25 ஆண்டு கழித்து அவர் இழப்பது இரண்டரை இலட்சம் ரூபாய்க்கும் அதிகம். ஓய்வு பெறும் நாளில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். அன்று பட்டியல் எழுதியவரும் இருக்க மாட்டார், பழைய செலுத்துச்சீட்டும் கிடைக்காது. ஆகவே ஆண்டுக் கணக்குச் சீட்டு வந்தவுடன் பன்னிரண்டு மாத வரவையும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வாரிசு நியமனத்தையும் அப்போதே பார்த்துக்கொள்வது நலம். திருமணத்திற்கு முன் எழுதிக்கொடுத்த நியமனத்தை மாற்றாமலே காலமாகிவிடுவோர் உண்டு.

ஒன்றியக் குழுவில் சாலைக்கும் பாலத்திற்கும் எத்தனையோ கேள்விகள் எழுகின்றன. 'பிடித்தம் செய்த தொகை சென்ற மாதம் செலுத்தப்பட்டதா, வரவு வந்ததா' என்று கேட்போர் அரியர். தணிக்கைத் துறையார் வந்து எழுதும் வரை காத்திராமல் உறுப்பினரே கேட்கலாம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலையைப் பற்றி அனைவரும் பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் கூட ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்று அவற்றிலே உள்ள விதியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இனி உழவர்க்கு. சம்பளப் பட்டியலில் இல்லாதவருக்கும் இத்தகைய நிதி ஒன்று 2019-இல் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கருக்கு மேற்படாத நிலமுடைய, 18 முதல் 40 வயது வரையுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு உரியது அது. சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை விவசாயி கட்டினால், அதே அளவை மத்திய அரசும் கட்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் நிதியை நிர்வகிக்கிறது. 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். பென்ஷன் பெற்று வருபவர் காலமானால் மனைவிக்கு அல்லது கணவருக்கு அதில் பாதி. 40 வயதில் சேர்பவர் இருபது ஆண்டில் தம் கையிலிருந்து கட்டுவது 48,000 ரூபாய். 18 வயதில் சேர்பவர் நாற்பத்திரண்டு ஆண்டில் கட்டுவதோ 27,720 ரூபாய்தான்.

ஆயினும் இதிலே ஒரு குறை இருப்பதை மறைப்பது முறையன்று. 3,000 என்பது நிலையான தொகை. விலைவாசி உயரும்போது அது தானாக உயராது. 1962-இல் 20 ரூபாய்க்கு எத்தனை படி அரிசி வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், இன்று பதினெட்டு வயதில் உள்ளவர் அறுபதை எட்டும்போது 3,000 ரூபாய் என்ன பெறும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். எனவே இதை மட்டுமே நம்பியிராமல், துணையாகக் கொள்வதே பொருத்தம் என்பது நமது கருத்து. இத்திட்டத்திற்கு ஆதாரும், வங்கிக் கணக்குப் புத்தகமும், நில விவரமும் எடுத்துக்கொண்டு பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்யலாம். முதியோர் ஓய்வூதியத்திற்கான மனுவை இ-சேவை மையத்தில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்; அதிலுள்ள எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.