துணையா? திரையா?

இங்கிலாந்து நாட்டு வகுப்பறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கரும்பலகை அருகே ஆசிரியர். கடைசி மேசையிலே, கற்பதில் இடர்ப்படும் சிறுவன். அவனருகே உதவியாளர் அம்மையார். காண்போர், "ஆகா, ஒரு பிள்ளைக்கென்றே ஓர் ஆள்! என்னே பரிவு!" என்று மெச்சுவர். மெச்சட்டும். ஆனால், அந்தச் சிறுவன் கற்றானா? அதுவன்றோ கேள்வி!

ஆசிரியரின் வேலைச் சுமையைக் குறைக்க 2003-ஆம் ஆண்டு அங்கே உடன்பாடு ஏற்பட்டது, உதவியாளர்கள் பெருகினர். பலன் என்ன? பேராசிரியர் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழுவினர் ஆராய்ந்து, 2009-இல் அறிவித்தனர்: உதவியாளர் துணையை மிகுதியாகப் பெற்ற பிள்ளைகள், அதே நிலையிலிருந்து குறைவாகப் பெற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினர்!

உதவியாளர் குற்றவாளியா? அல்ல, அல்ல! சம்பளமோ சொற்பம், பாடம் இன்னதென்று வகுப்பிலே நுழைந்த பிறகே தெரிகிறது. ஆசிரியரோடு கலந்து பேச நேரமில்லை. எனவே, பிள்ளை சிந்திக்குமுன் விடையைச் சொல்லி, வேலையை முடித்துவிடுகிறார். ஆசிரியரோ, "அவனுக்குத்தான் ஆள் இருக்கிறாரே" என்று அப்பக்கம் திரும்புவதில்லை. துணை, திரையாகிவிடுகிறது!

ஆசிரியரைச் சாடலாமா? அவருக்குத்தான் யார் கற்றுக்கொடுத்தார்கள்? உதவியாளரோடு இணைந்து பணியாற்றும் பயிற்சியைப் பெரும்பாலான ஆசிரியர்கள் பெற்றதே இல்லை என்றது அதே ஆய்வு. நூல் பிடித்துக் காட்டாத மேஸ்திரியிடம் வேலை பார்த்த சித்தாளை, சுவர் கோணியதற்காகத் திட்டுவது நியாயமா? மேஸ்திரிக்கே நூல் பிடிக்கச் சொல்லித் தராதவர்களை அல்லவா கேட்க வேண்டும்!

'பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உதவியாளர்' என்றது, 1997-இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டம். உதவியாளர் இருப்பினும் பிள்ளையின் முன்னேற்றத்துக்கு ஆசிரியரே பொறுப்பு என்றது, 2015-ஆம் ஆண்டின் இங்கிலாந்து நடைமுறை விதித்தொகுப்பு. நன்று! ஆனால் பொறுப்பைத் தந்தால் போதுமா? பொறுப்பை நிறைவேற்றும் வழியையும் தர வேண்டாமா?

சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பயில்வோர்க்கு இதையும் ஒரு பாடமாக்குக என்கிறோம் நாம். வகுப்புக்குமுன் உதவியாளரிடம் எதைச் சொல்வது, எங்கே கைகொடுக்கவும் எங்கே காத்திருக்கவும் பழக்குவது, தவறினால் மனம் நோகாமல் திருத்துவது எப்படி, நாள்தோறும் பிள்ளையைக் கவனிப்பவரான அவரிடமே கேட்டறிவது எப்படி — இவை தாமாக வந்துவிடா, கற்பிக்கப்பட வேண்டியவை. இருவரும் அமர்ந்து பேச, ஊதியத்தோடு நேரமும் ஒதுக்கப்பட வேண்டும்.

ஆசிரியரின் அறிவு மிகுதியும் தேவைப்படும் பிள்ளைக்கு, அது அறவே எட்டாமற் போவதா? பரிவு வேண்டும்; பரிவு மட்டும் பாடம் நடத்தாது!